வாசலில் கழற்றிய ஆணிச் செருப்பு

18-7-1942, சனிக்கிழமை.

நேற்றைய குறிப்பில் ஒரு பிழை செய்துவிட்டேன். "ஆணிச் செருப்பு அணிந்த ஒருவன் வெடிமருந்து மண்டபத்துக்குள் போயிருக்கிறான்" என்று எழுதியிருந்தேன். போகவில்லை. தாழ்வாரத்து ஈரமண்ணில் ஆணித் தடம் ஒரு ஜோடிதான் இருக்கிறது. இரண்டும் ஒட்டினாற்போல, முனை சுவரைப் பார்த்தபடி இருக்கின்றன. அது நடந்த தடம் அல்ல, கழற்றி வைத்த தடம்.

இதையும் நான் கண்டுபிடிக்கவில்லை. நேற்று மழையில் அழியாமல் இருக்கத் தடத்தின் மேல் ஒரு கூடையைக் கவிழ்த்து வைத்திருந்தேன். இன்று காலை அதைத் தூக்கியதும் கடற்கரை அண்ணாச்சி சொன்னார்:

"ஏ நாயகம், இவன் கள்ளனா, கல்யாண வீட்டுக்கு வந்தவனாலே? செருப்பக் கழத்தி வரிசையா விட்டுட்டுல்லா உள்ள போயிருக்கான்."

கடற்கரை அண்ணாச்சி தென்காசி ரயிலடியில் குதிரை வண்டி ஓட்டுகிறவர். என் பெயர் அருமைநாயகம். பகலில் மர டிப்போவில் தடி அளந்து குறி போடுகிறேன், மாலையில் மெட்ரிகுலேஷன் வகுப்புக்குப் போகிறேன். நாங்கள் இருவரும் துப்பறிய நேர்ந்தது எப்படி என்பதை ஒழுங்காக எழுதிவிடுகிறேன்.

விசாகப்பட்டினத்தில் குண்டு விழுந்த பிறகு, தென்காசியில் ஒரு ஊர்க்காவல் தொண்டர் படை சேர்க்கப்பட்டது. அதன் கேப்டன் வக்கீல் பரமசிவன் பிள்ளை. அவர் எதையும் சட்டம் இல்லாமல் தொடங்க மாட்டார். நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால், வெள்ளைக்காரனை விரட்டியடித்த அமெரிக்காக்காரர்கள் தங்கள் குடியானவர்களைப் படையாகத் திரட்ட ஒரு சட்டம் போட்டார்கள். வக்கீல் அதைத் தேடிப் பிடித்துத் தமிழாக்கினார். பதினெட்டு வயதிலிருந்து நாற்பத்தைந்து வயது வரை உள்ள திடமான ஆண்கள் சேர வேண்டும். துப்பாக்கி அவரவர் கொண்டு வர வேண்டும். அதோடு ஒரு தோட்டாப் பையும், துப்பாக்கியில் பொறி எழுப்ப உபரியாக இரண்டு சிக்கிமுக்கிக் கல்லும் வேண்டும். அங்கே பல இடங்களில் இருந்த வழக்கப்படி தலைவர்களை ஆட்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்க வேண்டும். நாங்கள் வக்கீலையே தேர்ந்தெடுத்தோம். சட்டம் அவருக்கு மட்டும்தான் புரிந்தது.

எங்கள் துப்பாக்கிகள் வயலில் பன்றி விரட்ட லைசென்ஸ் வாங்கியவை. குழாயில் மருந்து கிட்டித்து, கேப்பு வைத்துச் சுடுகிறவை. அவற்றுக்குச் சிக்கிமுக்கிக் கல் தேவையில்லை. இருந்தாலும் சட்டத்தில் இருப்பதால் ஆளுக்கு இரண்டு வைத்திருக்கிறோம். இது எந்த ஊர்ச் சட்டம் என்பது தாசில்தாருக்குத் தெரியாது. மேல்நாட்டு ஒழுங்குமுறை என்று மட்டும் சொல்லியிருக்கிறோம்.

"வாடகைக்காரன வெளியேத்துன பத்திரத்த வச்சு, அவனுக்கே வீட்டுக் காவல் காக்கோம்" என்பார் கடற்கரை அண்ணாச்சி. அவருக்கு நாற்பத்தாறு வயது. சட்டப்படி ஒரு வயது கூடிப்போனதால் படையாளாகச் சேர்க்கவில்லை. வண்டிக்காரராக வைத்துக்கொண்டோம்.

படைக்கு அரசாங்கம் ஒரு தகர டின் நிறையக் கருமருந்து கொடுத்திருந்தது. மருந்தைக் குடியிருப்புகளுக்கு அப்பால் வைக்க வேண்டும் என்று கேப்டன் விதி எழுதினார். அதனால் குற்றாலத்தில் சிற்றாற்றங்கரையில் ஆள் புழங்காத ஒரு பழைய மண்டபத்தில் டின்னை வைத்து, வாசலில் காவல் போட்டோம். நேற்று காலை அந்த டின் காணாமல் போனது. காவலில் நின்றவன் உச்சிமாகாளி.

அவன் ஓடவில்லை, தூங்கவும் இல்லை. "அடையாளச் சொல்லச் சரியாச் சொன்ன ஆள விட்டேன்" என்று ஒரே ஒரு வாக்கியம் சொன்னான். யார் என்று கேட்டால் வாயை மூடிக்கொள்கிறான். ஹவில்தார் குற்றாலிங்கம் அவனைக் கொண்டுபோய்த் தெருமாடுகளை அடைக்கும் பவுண்டில் அடைத்தார். படைக்கென்று வேறு காவலறை கிடையாது. நாளை ஞாயிற்றுக்கிழமை காலை தாசில்தார் அணிவகுப்பைப் பார்வையிட வருகிறார். கூடவே சப்-இன்ஸ்பெக்டரும் வருகிறார். யுத்த காலத்தில் மருந்து காணாமல் போனால் சாதாரணத் திருட்டு ஆகாது. உச்சிமாகாளியை அவரிடம் ஒப்படைத்துவிடுவார்கள். அவனுக்குப் புதன்கிழமை பாளையங்கோட்டையில் போலீஸ் செலக்ஷன் இருக்கிறது. ஸ்டேஷனில் ஒருமுறை பெயர் ஏறிவிட்டால் அந்தச் செலக்ஷனும் இல்லை, அதற்குப் பிறகு எதுவும் இல்லை.

விசாரணைக்கு என்னை நியமித்தது கேப்டன்தான். "உம்ம எழுத்து அழகா இருக்கும்வே" என்று காரணம் சொன்னார்.

மண்டபத்துக்குத் திரும்புகிறேன். வெளியே சாரல் விழுந்துகொண்டிருந்தது.

"செருப்பைக் கழற்றினான் என்றால் பக்தியுள்ளவன்" என்றேன். "இது கோயில் மண்டபமாக இருந்ததுதானே?"

"பக்திக்கு இங்க யாரு இருக்கா? உள்ள இருந்த பிள்ளையார மேலகரத்துக்காரன் தூக்கிட்டுப் போயி பத்து வருசமாச்சு. இப்ப வவ்வாலுதான் மூலவர்."

நான் உள்ளே போய்ப் பார்த்தேன். தரையில் வெறுங்கால் பட்ட இடங்களில் மட்டும் பாசி பெயர்ந்திருந்தது. டின் இருந்த மூலையில் துருவின் வட்டம் தெரிந்தது. திரும்பி வரும்போது வாசல் மாடத்தைப் பார்த்தேன். நேற்று அங்கிருந்து இரண்டு சிக்கிமுக்கிக் கல்லை எடுத்துப் பையில் போட்டிருந்தேன். அது யாரோ மறந்து வைத்தது என்றுதான் நினைத்திருந்தேன்.

செருப்பும் கல்லும் ஒரே வாசலில் ஏன் கழன்றன என்று யோசித்தபோது, நானே நகல் எடுத்த விதி ஒன்று ஞாபகம் வந்தது. ஞாபகம் சரிதானா என்று மனத்துக்குள் இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

"அண்ணாச்சி, மருந்து அறைக்குள் ஆணிச் செருப்போடு போகக் கூடாது. சிக்கிமுக்கிக் கல் கொண்டு போகக் கூடாது. பொறி பறந்தால் ஆபத்து. கேப்டன் எழுதிய விதி."

"அப்ப நம்ம கள்ளன் விதிப்படி களவாண்டிருக்கான்."

"ஆமாம்."

"நல்லா வளத்துவிட்டுருக்கோம்" என்றார் அவர். "அந்த விதிய யாரு யாரு படிச்சிருக்கா?"

"எழுதியவர் கேப்டன். நகல் எடுத்தவன் நான். ஆட்களுக்கு வாசித்துக் காட்டியவர் ஹவில்தார்."

"ஆணி வச்சது யாரு போடுதா?"

படையில் முக்கால்வாசிப் பேர் வெறுங்கால்தான். முதல் மாதம் இடது கால் எது வலது கால் எது என்று தெரிவதற்காக ஒரு காலில் ஓலையும் மறு காலில் சீலையும் கட்டித்தான் பயிற்சி கொடுத்தோம். நான் போடுவது சாதாரணத் தோல் செருப்பு. பட்டாளத்து பூட்ஸ் வைத்திருப்பவர் ஒருவர்தான்.

"ஹவில்தார்" என்றேன். சொன்ன பிறகு அவசரப்பட்டுவிட்டேனோ என்று தோன்றியது.

"வா, கேப்போம். சாப்பிடுத நேரந்தான். ஹாஜரா அக்கா கடையிலதான் இருப்பாரு."

ஹாஜரா பீவியின் புட்டுக்கடை அருவிக்குப் போகும் வழியில் இருக்கிறது. சனிக்கிழமை என்பதால் உடம்பெல்லாம் எண்ணெயோடு ஆட்கள் அருவிக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். ஹவில்தார் குற்றாலிங்கம் பெஞ்சில் நிமிர்ந்து உட்கார்ந்து புட்டும் பயறும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மெசபொடேமியாவில் சண்டை போட்டவர். புட்டையும் அணிவகுப்பில் நிறுத்தித்தான் சாப்பிடுவார்.

நான் குனிந்து அவர் காலைப் பார்த்தேன். வெறுங்கால்.

"என்னவே பாக்கீரு?"

"உங்கள் பூட்ஸ் எங்கே இருக்கிறது என்று விசாரணைக்காகத் தெரிய வேண்டும்."

அவர் கரண்டியால் மேலே காட்டினார். அடுப்புக்கு நேர்மேலே, உத்தரத்தில், கருவாட்டுக் கோர்வைக்குப் பக்கத்தில் ஒரு ஜோடி பூட்ஸ் தொங்கிக்கொண்டிருந்தது. புகை பட்டுக் கறுத்திருந்தது.

"சாரல் தொடங்குன நாள்லருந்து அங்கனதான் கெடக்கு" என்றார் ஹாஜரா பீவி. "கீழ வச்சா பூசணம் பூத்துருதாம். கருவாட்டுக்கு வாசம் போயிட்டுன்னு ஆளுக சொல்லுதாவ. பூட்ஸுக்கு வாசம் வந்துட்டுன்னு இவரு சொல்லுதாரு."

"நாளைக்கு இன்ஸ்பெக்ஷனுக்குத்தான் எறக்கணும்" என்றார் ஹவில்தார். பிறகு என்னை உற்றுப் பார்த்தார். "என்னையா சந்தேகப்பட்டீரு?"

"விதிப்படி எல்லோரையும் சந்தேகப்பட வேண்டியிருக்கிறது."

"சரிதான். டிசிப்ளின்" என்று சொல்லிவிட்டுப் பயறைத் தொடர்ந்தார். கோபம் இருந்ததா என்று எனக்குத் தெரியவில்லை.

நான் பையிலிருந்து இரண்டு கல்லையும் எடுத்து மேஜையில் வைத்தேன். "அக்கா, இது யாருடையது என்று தெரியுமா?"

ஹாஜரா பீவி சிரித்தார். அடுப்படியிலிருந்து ஒரு சிரட்டையை எடுத்து வந்து கவிழ்த்தார். சிரட்டை நிறையச் சிக்கிமுக்கிக் கல். "தீப்பெட்டி கெடைக்க மாட்டேங்குதுல்லா வாப்பா. உங்க படை ஆளுக பூராவும் கல்லக் குடுத்துட்டு டீ குடிச்சிட்டுப் போயிட்டாவ. மொத ஆளு உங்க ஹவில்தாரு."

ஹவில்தார் தொண்டையைச் செருமினார்.

சிரட்டைக் கற்கள் எல்லாம் அடித்து அடித்து முனை மழுங்கியிருந்தன. நான் மேஜையில் வைத்த இரண்டும் பட்டை தீட்டிய நாளில் இருந்தது போலவே கூராக இருந்தன. ஒரு தடவைகூட உரசப்படாதவை.

"இதுல ஒண்ணும் என் கடைக்கு வந்ததில்ல" என்றார் அவர். "இன்னும் கல்லு குடுக்காதது யாரு தெரியுமா? நீங்க. அப்புறம் உங்க கேப்டன். அவுக கடையில டீ குடிக்க மாட்டாவல்லா."

என் இடுப்புப் பையைத் தொட்டுப் பார்த்தேன். என்னுடைய இரண்டு கல்லும் இருந்தன. இருந்தாலும் எடுத்து ஒருமுறை பார்த்துக்கொண்டேன்.

வெளியே வந்ததும் கடற்கரை அண்ணாச்சி கேட்டார்: "மிச்சம் யாரு?"

"கேப்டன் வெள்ளிக்கிழமை காலை திருநெல்வேலிக்குக் கேஸுக்குப் போயிருந்தார்."

"யாரு சொன்னா?"

"அவரே சொன்னார்."

"அப்ப நீதான்" என்று சொல்லிவிட்டுக் குதிரையை அவிழ்த்தார்.

குற்றாலத்தில் நனைந்துகொண்டே வண்டி ஏறினோம். பாதி தூரம் வந்ததும் வழக்கம்போல மழை பின்னால் நின்றுவிட்டது. தென்காசி எல்லையில் மண் உலர்ந்து, வெயிலில் கண் கூசியது. குதிரையின் முதுகிலிருந்து ஆவி எழும்பியது.

"கெட்டிக்கார ஊரு" என்றார் கடற்கரை அண்ணாச்சி. "அங்கன குளிச்சிட்டு இங்கன வந்து துவட்டிக்கிடலாம்."

 விசாரணையில் எந்த இடத்தில் தவறினேன் என்று முதலிலிருந்து எண்ணிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவருக்கு மௌனம் பிடிக்காது.

"கேப்டன் வீட்டுல என்னமோ சண்டை போலுக்குலே. நேத்துலருந்து அடுப்பே பத்த வைக்கல. மூணு வேளையும் கிளப்புக் கடையிலருந்து நாந்தான் எடுப்புச் சாப்பாடு கொண்டு போறேன். மதினி கதவத் தொறந்து வாங்கிட்டு, 'வண்டிய வாசல்ல நிறுத்தாதீங்க, பீடிய அணைச்சிட்டு வாங்க'ங்காவ. எத்தன வருசமா அந்த வாசல்ல பீடி குடிக்கேன்!"

"யாருக்குச் சண்டையோ" என்றேன். அப்போது அதைக் கவனமாகக் கேட்கவில்லை. இதையும் பிழை என்றே குறித்துக்கொள்ள வேண்டும்.

பவுண்டில் உச்சிமாகாளி, அபராதம் கட்டாமல் கிடந்த இரண்டு எருமைகளுக்கும் ஒரு கிடாவுக்கும் நடுவே வைக்கோலில் உட்கார்ந்திருந்தான். கம்பிக்கு வெளியே அவன் மனைவி தங்கத்தாய் தூக்குவாளியோடு நின்றாள். எங்களைக் கண்டதும் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"வாங்க. உங்க விசாரணை முடிஞ்சுதா? எருமைக்குக்கூட நாலணா கட்டுனா வெளிய விட்டுருவாவ. என் வீட்டுக்காரருக்கு எவ்வளவு கட்டணும்னு ரேட்டு சொல்லுங்க."

"தங்கத்தாய், நாங்கள்..."

"புதன்கிழமை செலக்ஷன். மாரளவு காட்டணும்னு ஒரு மாசமா முட்டையும் பாலும் போட்டிருக்கேன். இப்ப எருமை சாணி வாசத்துலதான் மாரு விரியுது." பிறகு உள்ளே பார்த்துக் கத்தினாள்: "சொல்லித் தொலையும்! யாருன்னு ஒத்த வார்த்தை சொன்னா என்னவாம்?"

"சத்தியம்" என்றான் உச்சிமாகாளி.

அந்தச் சத்தியத்தை நானும் செய்திருக்கிறேன். அமெரிக்காவில் எப்படிச் செய்தார்களோ தெரியாது. வெறும் வாயால் உறுதி சொன்னால் தென்காசிக்காரன் மறுநாளே மறந்துவிடுவான் என்று கேப்டன் எங்கள் எல்லோரையும் கோயிலுக்குக் கூட்டிப் போய்ச் சூடத்தை அடித்து அணைக்கச் செய்தார். காவல் நிற்கும்போது கண்டதை வெளியே சொல்ல மாட்டேன் என்பது சத்தியம். ஊரில் பொய்ச்சாட்சி சொல்லத் தயங்காதவர்கள்கூடச் சூடத்தில் கை வைத்துவிட்டால் மாற மாட்டார்கள்.

ஆனால் அதை நகல் எடுத்தவன் நான். அதில் இன்னும் ஒரு வரி இருந்தது.

"உச்சிமாகாளி, சத்தியம் முழுசாக எப்படி வரும்? 'காவலில் கண்டதைக் கேப்டனைத் தவிர வேறு எவரிடமும் சொல்ல மாட்டேன்.' அப்படித்தானே?"

"ஆமா."

"அப்படியென்றால் கேப்டன் கேட்டால் சொல்லலாம்."

"கேட்டா சொல்லுவேன்."

"கேட்டாரா?"

அவன் பக்கத்து எருமையின் காதில் ஒட்டியிருந்த வைக்கோலை எடுத்துப் போட்டான். "நேத்து சாயங்காலம் வந்தாவ. சாப்டியாலேன்னு கேட்டாவ. சாப்பிட்டேன்னு சொன்னேன். போர்வை இருக்கான்னு கேட்டாவ. இருக்குன்னேன். போயிட்டாவ."

"வேறு எதுவும் கேட்கவில்லையா?"

"வேற ஒண்ணும் கேக்கல."

தங்கத்தாய் தூக்குவாளியைக் கீழே வைத்தாள். கடற்கரை அண்ணாச்சி தலைப்பாகையை அவிழ்த்து மறுபடி கட்டினார். 

மருந்து யாரிடம் போனது என்பது உச்சிமாகாளிக்குத் தெரியும். அதைக் கேட்டு வாங்கும் உரிமை ஊரிலேயே ஒரே ஒருவருக்குத்தான் இருக்கிறது. அவர் வந்து போர்வையைப் பற்றிக் கேட்டுவிட்டுப் போயிருக்கிறார்.

"அண்ணாச்சி, கேப்டன் வீட்டில் அடுப்பு பற்றவில்லை என்று சொன்னீர்களே..."

"ஏறு வண்டியில" என்றார் அவர்.

வக்கீல் வீட்டு நடையில் கோர்ட்டுக்குப் போட்டுப் போகும் கறுப்பு ஷூ கிடந்தது. திருப்பிப் பார்த்தேன். குதிகாலில் லாடமும் சுற்றிலும் ஆணியும் இருந்தன. ஓரத்தில் குற்றாலத்துச் செம்மண் காய்ந்து ஒட்டியிருந்தது. வாசலிலேயே பீடியை மிதித்து அணைத்துவிட்டு அண்ணாச்சி என் பின்னால் வந்தார்.

மொட்டை மாடியில், நல்ல வெயிலில், வக்கீலின் மனைவி பார்வதியம்மாள் ஓலைக்குடை பிடித்து உட்கார்ந்திருந்தார். கையில் காக்கை விரட்டும் கம்பு இருந்தது. ஒரு பக்கம் பாயில் கூழ்வடகம் காய்ந்தது. இன்னொரு பக்கம் பெரிய வெள்ளை வேட்டியில் கறுப்பாக ஒன்று பரப்பி வைக்கப்பட்டிருந்தது. பக்கத்தில் துருப்பிடித்த தகர டின்.

கேப்டன் பரமசிவன் பிள்ளை முழங்கால் போட்டு, மரக்கரண்டியால் அந்தக் கறுப்பைக் கிளறிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்க முயன்று, பிறகு எழவில்லை.

"வாரும் நாயகம். கொஞ்சம் சீக்கிரம் வந்துட்டீரு."

 பையிலிருந்து இரண்டு கல்லையும் எடுத்து நீட்டினேன். அவர் பழக்க தோஷத்தில் கையை நீட்டி வாங்கி, இடுப்புப் பையைத் திறந்து, உள்ளே போட்டு, மூடினார். மூடிய பிறகுதான் என்ன செய்தோம் என்பது அவருக்குப் புரிந்தது.

"ம்" என்றார்.

"காக்கா!" என்று பார்வதியம்மாள் கம்பை வீசினார். "வாங்க தம்பி. உக்காருங்க. ஒரு வாய் காப்பிகூடக் குடுக்க முடியல. இந்தச் சனியன் வீட்டுக்கு வந்ததுலருந்து தீக்குச்சி கிழிக்கக் கூடாதுன்னு உத்தரவு. சாமிக்கு வெளக்குகூட ஏத்தல."

கேப்டன் மெதுவாகச் சொன்னார். வியாழக்கிழமை சாயங்காலம் போய்ப் பார்த்தபோது டின்னுக்குள் மருந்து களி மாதிரி ஆகியிருந்தது. சாரல் காலத்தில் குற்றாலத்தில் உப்பு ஜாடியே தண்ணீராகிவிடும். ஊருக்குள் வைத்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. ஹவில்தாரும் அப்படித்தான் சொல்லியிருந்தார். கேப்டன்தான் விதியைக் காட்டி அவர் வாயை அடைத்தார்.

"அமெரிக்காவுல சாரல் கெடையாதுல்லாவே" என்றார். "சட்டத்துல அத எழுதல."

ஞாயிற்றுக்கிழமை தாசில்தார் முன்னால் மரியாதை வேட்டு சுட வேண்டும். களியை வைத்துச் சுட முடியாது. வெள்ளிக்கிழமை விடியலில் சாக்கை முக்காடு போட்டுப் போய், அடையாளச் சொல் சொல்லி, விதிப்படி எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டு எடுத்து வந்துவிட்டார். சாயங்காலமே திருப்பி வைத்துவிடலாம் என்று நினைத்தார். அதற்குள் ஹவில்தார் வந்து டின் இல்லாததைப் பார்த்துவிட்டார்.

"அப்போதே சொல்லியிருக்கலாமே."

"ஓட்டுப் போட்டுத்தான்வே என்னையக் கேப்டனாக்குனிய. படை மருந்த மழையில நனைய விட்டவனுக்கு எவன் போடுவான்?"

"உச்சிமாகாளியை நாளைக்கு ஒப்படைத்துவிடுவார்கள்."

"நாளைக்குள்ள காஞ்சிரும். டின்ன ஆத்தங்கரையில வச்சுட்டு, கெடைச்சிட்டுன்னு சொல்லிரலாம்னு இருந்தேன்." அவர் கரண்டியால் ஒரு கோடு இழுத்தார். மருந்தின் மேல் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது; காய்ந்தாலும் இனி அது வெடிக்காது. அதை அவரும் பார்த்தார்.

கேட்கக் கூடாது என்று நினைத்தும் கேட்டுவிட்டேன். "விசாரணைக்கு என்னை ஏன் போட்டீர்கள்?"

"சொன்னேன்லா. எழுத்து அழகா இருக்கும்." பிறகு சேர்த்தார்: "ரொம்ப மெதுவாவும் எழுதுவீரு. ஒவ்வொண்ணையும் நாலு தடவ சரிபாப்பீரு. ஞாயித்துக்கெழமைக்குள்ள முடிக்க மாட்டீருன்னு நம்பினேன்."

கடற்கரை அண்ணாச்சி இருமினார். "நாங்கூட அப்படித்தான் நெனச்சேன், ஐயா. வண்டி என்னுதுல்லா, அதான் சீக்கிரம் வந்துட்டோம்."

அதைக் கேட்டு யாரும் சிரிக்கவில்லை. எனக்குக் காது சுட்டது. வெயிலாகவும் இருக்கலாம்.

"இது எனக்குப் பிடித்திருக்கிறது என்று நினைக்காதீர்கள்" என்றேன். "நாளைக்கு நான் அறிக்கை வாசித்தால் உங்கள் பேர் போகும். வாசிக்காவிட்டால் அவன் பேர் போகும். மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது. உச்சிமாகாளி உங்களிடம் மட்டும் சொல்வான். அணிவகுப்பில், எல்லோருக்கும் முன்னால், தாசில்தார் வருவதற்குள் அவனிடம் நீங்கள் கேளுங்கள்."

"கேட்டா?"

"உண்மையைச் சொல்வான்."

"அதத்தான் கேக்கேன்." அவர் கரண்டியைக் கீழே வைத்தார்.  ஒரு காக்கை வந்து மருந்துக்கு ஓரமாக உட்கார்ந்து, முகர்ந்துவிட்டு, வடகத்துக்கு நகர்ந்தது.

"கேளுங்க" என்றார் பார்வதியம்மாள். "ஓட்டு போனா போகட்டும். ஒரு புள்ள மாட்டுத் தொழுவத்துல கெடக்கு, நீங்க இங்கன வேட்டியக் காவல் காக்கிய. ரெண்டு வேளையா கிளப்புக் கடை சாம்பார தின்னு எனக்கும் வயிறு சரியில்ல."

"மூணு வேளை மதினி" என்றார் கடற்கரை அண்ணாச்சி.

கேப்டன் எழுந்து நின்றார். முழங்காலில் ஒட்டியிருந்த கருமருந்தைத் தட்டிவிட்டார். கோர்ட்டில் நிற்பது போல நின்றுகொண்டு சொன்னார்: "கேக்கேன். கேள்விய எழுதித் தாரும்வே. அங்க போயி நின்னா எனக்கு வாய் வளைஞ்சிரும். பொழைப்பு அப்படி."

அங்கேயே எழுதிக் கொடுத்தேன். 'வெள்ளிக்கிழமை காலை மருந்து மண்டபத்துக்குள் போனது யார்?' அவர் வாசித்தார். பேனாவை வாங்கினார். வக்கீல்கள் வளைப்பது போல எதையாவது வளைக்கப் போகிறார் என்று பயந்தேன். கடைசியில் 'பயப்படாமல் சொல்' என்று மட்டும் சேர்த்துவிட்டு மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

மருந்தை வேட்டியோடு சுருட்டி டின்னில் போட்டோம். அண்ணாச்சி அதை வண்டியில் ஏற்றி ஊருக்கு வெளியே குளத்தங்கரைக்குக் கொண்டுபோனார். பார்வதியம்மாள் கீழே இறங்கி, அடுப்பைப் பற்ற வைத்தார். நான் வகுப்புக்குப் போகவில்லை.

நாளை செய்ய வேண்டியது: விடிந்ததும் ஹவில்தாரிடம் சாவி வாங்கிப் பவுண்டைத் திறந்து, உச்சிமாகாளியைக் குளிக்கச் செய்து, அணிவகுப்பில் முதல் வரிசையில் நிறுத்த வேண்டும். தாசில்தாரின் வண்டி வருவதற்கு முன்னால் கேப்டன் கேட்க வேண்டும். அவர் கேட்காவிட்டால் நான் கேட்க வேண்டும். எனக்கு அவன் பதில் சொல்ல மாட்டான். ஆகையால் பதிலையும் நானே, எல்லோருக்கும் கேட்கும்படி, சொல்ல வேண்டும்.